சம்பந்தி முதலில் குதிக்கட்டும்

ஜூலை 14, திங்கள்

இந்த டைரியைப் பொங்கலுக்கு ஒரு பைப் கம்பெனிக்காரர்கள் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஃபிரிட்ஜ் மேல்தான் கிடந்தது. இன்றைக்குத்தான் தூசி தட்டினேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆட்டம் முடிந்ததும் நான் பேசிக்கொண்டே இருப்பேன். எந்தக் கட்டிடத்தில் எவன் ஒளிந்திருந்தான், நான் எப்படிச் சுற்றிப் போனேன், தோற்றது ஏன் என் தப்பில்லை, இதெல்லாம். கோகிலா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே கேட்பாள். இப்போது அவள் அந்தியூரில் அப்பா வீட்டில் இருக்கிறாள். காலில் சின்னச் சுளுக்கு. அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு நீளமாக ஒரு ஆங்கிலப் பெயர் இருக்கிறது. கோபியில் எங்கள் மோட்டார் காயில் கட்டும் பட்டறைகளில் எல்லோரும் ‘தீவு’ என்றுதான் சொல்வோம். நூறு பேர் விமானத்திலிருந்து குதிப்பார்கள். ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே நின்றால் சாவு, உள்ளே நின்றால் எவனாவது சுடுவான். கடைசியில் நிற்பவன் ஜெயித்தவன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்கிறவர்கள் ஒருநாள் என் கடையில் வந்து உட்கார வேண்டும். பொழுதுக்கும் கருகின செம்புக் கம்பியைப் பிரித்துக் கட்டுகிறவனுக்குத்தான், சாயங்காலம் ஒரு மொட்டை மாடியில் துப்பாக்கியோடு குப்புறப் படுத்துக் கிடப்பதன் சுகம் தெரியும்.

கோகிலாவும் ஆடுவாள். என்னைவிட ஒரு மாற்றுக் குறைவு என்று எழுதலாமா என்று பார்த்தேன். டைரியில் பொய் எழுதி யாரை ஏமாற்றுவது? அவள்தான் கெட்டிக்காரி. தீவில் என் பெயர் ‘கோபிப்புலி’. அவள் பெயர் ‘சும்மா ஒருத்தி’. அங்கே அடிபட்டால் உடனே சாவதில்லை. கீழே விழுந்து தவழ்வோம். கூட்டாளி வந்து பக்கத்தில் முட்டி போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் எழுந்துவிடலாம். யாரும் வராவிட்டால் தவழ்ந்தபடியே சாக வேண்டியதுதான். புலி தவழும்போதெல்லாம் சும்மா ஒருத்திதான் ஓடி வருவாள்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் ஆகிவிட்டது. துடைக்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

தக்காளி சாதம். உப்புப் போட மறந்துவிட்டேன். ஊறுகாயை வைத்துச் சமாளித்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. எங்கள் பக்கம் இன்றைக்குத் தேங்காய் சுட வேண்டும். கண்ணைத் துளைத்து, வெல்லமும் பொட்டுக்கடலையும் அவலும் அடைத்து, குச்சியில் செருகி நெருப்பில் காட்டுவது. குச்சிக்கு எங்கே போவேன்? கடையிலிருந்து பெரிய ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்து செருகி, கேஸ் அடுப்பில் காட்டினேன். ஓடு வெடித்து வெல்லப்பாகு காலண்டரில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலண்டரில் ஆகஸ்ட் மூன்றாம் தேதியைக் கோகிலா ஏற்கெனவே வட்டம் போட்டு வைத்திருந்தாள். ஆடிப் பதினெட்டு.

அதில்தான் சிக்கல். ஆடிப் பதினெட்டுக்கு மாமனார் நேரில் வந்து மகளையும் மாப்பிள்ளையையும் அழைக்க வேண்டும். கல்யாணமான வருடத்திலிருந்து தவறாமல் வந்துகொண்டிருக்கிறார். இந்த வருடம் மகள் அங்கேயே இருக்கிறாள். அதற்காக மாப்பிள்ளையை அழைக்காமல் விட்டுவிடுவார்களா? இதுவரை ஒரு போன் கூட இல்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போய் நிற்க எனக்கென்ன தலையெழுத்தா?

சாயங்காலம் தெரியாத பையன்களோடு ஆடினேன். தீவில் இப்போதெல்லாம் பாதிப்பேருக்கு மீசை முளைக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தால் காது கூசுகிறது. நான் கீழே விழுந்து ‘தூக்கி விடுங்க தம்பி’ என்று கேட்டேன். ஒருவன் வந்தான். என் பையிலிருந்த குண்டையெல்லாம் எடுத்துக்கொண்டு, “தேங்க்ஸ் அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இந்தத் தலைமுறைக்கு மனிதத்தன்மையே இல்லை.

ஜூலை 19, சனி

அர்த்தநாரி பெரியப்பா வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் வீட்டுக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சுளுக்குக்கு யாராவது மாவுக்கட்டுப் போடுவார்களா என்று கேட்டார். எலும்பில் லேசாகக் கீறல் என்று சொன்னேன். எப்படி விழுந்தாள் என்றார். பின்னால் துவைக்கிற கல் பக்கத்தில் பாசி என்றேன். அப்போது நீ எங்கே இருந்தாய் என்றார். வீட்டில்தான் என்றேன். மேற்கொண்டு கேட்காமல் அந்தியூருக்குப் போன் போட்டார்.

மாமனார் நாச்சிமுத்து சொன்ன பதில்: பெண்ணைக் கொண்டுவந்து விடுவது அவர்கள் வழக்கத்தில் இல்லை, மாப்பிள்ளைதான் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். என் பதில்: அழைக்காமல் வருவது எங்கள் வழக்கத்தில் இல்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் என்றார் பெரியப்பா. எங்கே உட்கார்வது? எங்கள் வீடென்றால் அவர்கள் இறங்கி வந்ததாக ஆகிவிடும். அவர்கள் வீடென்றால் நாங்கள். பவானி கூடுதுறை இரண்டுக்கும் பொது என்றார் பெரியப்பா. அங்கே காரியம் செய்யத்தான் போவார்கள், உயிரோடு இருக்கிற பெண்ணுக்காக அங்கே போய் உட்காருவதா என்று மாமனார் போனை வைத்துவிட்டார்.

அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். கோகிலா ஒரு யோசனை சொன்னாளாம். தீவு யார் ஊரும் இல்லை. ஒரு அணிக்கு நாலு பேர். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அங்கே வைத்துக்கொள்ளலாம்.

பெரியப்பா கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். “அந்தத் தீவுக்கு எத்தன மணிக்குப் பஸ்ஸு?” என்று கேட்டார்.

ஜூலை 21, திங்கள்

பெரியப்பா போனில் ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தேன். ஆள் உருவத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எதையோ அழுத்திவிட்டார். இப்போது அவர் தீவில் ரோஸ் கலர் பாவாடை போட்ட, குதிரைவால் ஜடை பின்னிய இளம்பெண். மாற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம், முகத்தில் களை இருக்கிறது என்றார்.

மாமனார் தன் பெயரை இனிஷியல், ஊரோடு முழுதாகப் போட்டிருக்கிறார். இடம் பத்தாமல் ‘வி.சி.நாச்சிமு’ என்று நிற்கிறது. பாதிப் பெயரோடு பொது இடத்துக்கு வருவது மரியாதை இல்லை என்று அரை நாள் அடம் பிடித்ததாகக் கேள்வி.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு மாதிரியாகவும் இருந்தது. நாளை மறுநாள் கோகிலா குரலைக் கேட்கப் போகிறேன்.

ஜூலை 23, புதன்

முதல் அமர்வு. கேவலம்.

விமானத்தில் ஏறியதும் நான் குதிக்கலாம் என்றேன். பெரியப்பா, “சம்பந்தி மொதல்ல குதிக்கட்டும்” என்றார். மாமனார், “அதெப்படீங், வயசுல மூத்தவரு நீங்க இருக்கறப்ப?” என்றார். பெண்ணைக் கொடுத்தவர் நீங்கள் என்று இவர், பெரிய மனுஷன் நீங்கள் என்று அவர். கீழே ஊர்கள், பாலங்கள், துறைமுகம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பெரியவர்கள் குதிக்காமல் நானும் கோகிலாவும் எப்படிக் குதிப்பது? தீவு முடிந்துவிட்டது. விமானம் தானாகவே எங்கள் நாலு பேரையும் நடுக்கடலில் கொட்டிவிட்டுப் போனது.

நீந்தினோம். கரை ஏறுவதற்குள் வட்டம் சுருங்கி எல்லோரும் செத்தோம். பெரியப்பா கடைசிவரை விசில் அடித்துப் பார்த்தார்.

கோகிலா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் என்று சத்தத்திலேயே தெரிந்தது. ஆனால் என்னோடு பேசவில்லை.

ஜூலை 25, வெள்ளி

இரண்டாம் அமர்வு. இந்த முறை எல்லோரும் ஒரே நேரத்தில் குதிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். குதித்தோம். ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இறங்கினோம். மாமனாரைக் காணோம். எங்கே என்றால், வெளியே புதருக்குள் இருக்கிறேன் என்கிறார், உள்ளே வரமாட்டேன் என்கிறார். அப்போதுதான் விளங்கியது. ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரியப்பா மாதிரி உடுப்போடு ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் துணிமணி கிடையாது. ஜட்டியோடு இறக்கிவிடுவார்கள்.

“சம்பந்தி முன்னால இந்தக் கோலத்துல எப்படீங் வந்து உக்கார்றது?” என்றார். குரல் உண்மையாகவே கம்மியிருந்தது.

அதனால் பஞ்சாயத்தை நிறுத்திவிட்டு நாங்கள் மூன்று பேரும் வீடு வீடாகப் போய் அவருக்கு ஒரு சட்டை தேடினோம். துப்பாக்கிகள் வழியெல்லாம் கிடந்தன. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. ஒரு மாடியில் கோகிலா நீளக் கோட்டு ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதைக் கொண்டுபோய்ப் புதர் பக்கத்தில் வைத்துவிட்டு மூன்று பேரும் திரும்பி நின்றுகொண்டோம். அவர் போட்டுக்கொண்டு வந்து, “இப்பச் சொல்லுங்” என்றார். பெரியப்பா தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப்பில் நாலு பேர் வந்து பெரியப்பாவைச் சுட்டுவிட்டார்கள்.

செத்தவர்களும் மைக்கில் பேசலாம். ஆனால் செத்தவன் வாக்கு சபையில் செல்லாது என்று பெரியப்பா தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. வெளியே இருந்து பார்க்கிறவர்கள் இந்த ஆட்டத்தை வெறும் சுடுவதும் சாவதும் என்று நினைக்கிறார்கள். நாங்கள் இரண்டு முறை போயும் ஒரு குண்டு சுடவில்லை. எதிரே வந்தவர்களுக்குத்தான் நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

மூன்றாம் அமர்வு நடந்தது. எழுதத்தான் வேண்டுமா என்று இருக்கிறது.

மலை மேல் ஒரு ஓட்டு வீடு. கதவைச் சாத்திக்கொண்டோம். மாமனார் கோட்டுப் போட்டிருந்தார். பெரியப்பா பாவாடையோடு நடுவில் நின்று, பெண் முதலில் சொல்லட்டும் என்றார்.

கோகிலா நிதானமாகச் சொன்னாள். “தொவைக்கற கல்லுக்கிட்ட வழுக்கி உழுந்தனுங் பெரியப்பா. எந்திரிக்க முடியல. இவரக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன். உள்ளுக்குள்ள இருந்து, ஒரு நிமிஷம், கடைசி வட்டம்னாரு. பக்கத்து வூட்டு ஆட்டோக்காரருதான் சத்தங் கேட்டு ஓடியாந்து தூக்கிட்டுப் போனாரு. ஆஸ்பத்திரில மாவுக்கட்டுப் போடறப்ப போனத் தொறந்தா, இவரு ஜெயிச்ச படத்த ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்காரு.”

நான் ஹெட்போன் போட்டிருந்தேன், காதில் விழவில்லை என்று சொன்னேன்.

“கேக்காமயா பதில் சொன்னீங்க?” என்றாள்.

 தீவில் அந்த நேரத்தில் ஒரு துப்பாக்கிச் சத்தம்கூட இல்லை. நான் ஏதாவது சொல்லியிருப்பேன். இணைப்புச் சரியில்லை. எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை டவர் எப்போதுமே மந்தம். ஸ்டேட்டஸ் வைத்தது உண்மை. ஜெயித்தவன் எல்லோரும் வைப்பதுதான் அது. அந்த வெற்றிக்காக எத்தனை மாதம் காத்திருந்தேன் என்று அவளுக்கும் தெரியும்.

பதில் சொல்லாமல் கதவைத் திறந்து வெளியே போனேன். போனவுடன் எவனோ அடித்தான். விழுந்தேன். தவழ்ந்தேன். வாசலில் சும்மா ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். ‘கோகிலா, தூக்கி விடு’ என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். ஆட்டத்தில் முகம் மாறாது. ஆனாலும் பார்த்தாள்.

“ஒரு நிமிஷம். கடைசி வட்டம்” என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

நான் செத்த பிறகு மிச்ச ஆட்டத்தைச் செத்தவர்களுக்குக் காட்டும் திரையில் பார்த்தேன். தனி ஆளாக நின்று ஜெயித்தாள். சாயங்காலம் அவள் ஸ்டேட்டஸில் அந்தப் படம் இருந்தது. ஓரத்தில், புல் மேல், என் பிணமும் தெரிந்தது.

ஜூலை 28, திங்கள்

விளையாடவில்லை.

ஜூலை 30, புதன்

அத்தை, அதாவது கோகிலாவின் அம்மா, போன் செய்தார். அழைப்பதற்காக இருக்கும் என்று சட்டென்று எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு எப்படி அழைப்பை வாங்குவது? ஆனால் விஷயம் வேறு. மாமனார் கெட்டுப்போய்விட்டார். விடிந்தால் தீவு, பொழுது சாய்ந்தால் தீவு. வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர் வரப்பில் உட்கார்ந்து ஆடியதில், பாத்தி உடைந்து பக்கத்துக்காரர் காட்டுக்கு முழுத் தண்ணீரும் போய்விட்டதாம். கூட ஆடுவது யார் என்று கேட்டேன். “உங்க பெரியப்பாதானுங் மாப்ள” என்று அத்தை அழாத குறையாகச் சொன்னார்.

பெரியப்பாவுக்குப் போன் போட்டு, என் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். எந்த வழக்கு என்றார். பிறகு ஞாபகம் வந்து, சம்பந்தியும் அவரும் இப்போது நல்ல ஜோடியாகிவிட்டார்கள், நேற்று துறைமுகத்தில் மூன்று பேரை அடித்தார்கள், இந்த நேரத்தில் பழசையெல்லாம் கிளறி மனஸ்தாபம் வேண்டாமே என்றார்.

என் குடும்பத்தைச் சேர்த்து வைக்கப் போனவர்கள் தாங்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது? ஆட்டத்தை ஊருக்கே அறிமுகப்படுத்தியது நான்தான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சட்டை எல்லாம் தீர்ந்துவிட்டது. துவைக்கப் போனேன். கல்லைச் சுற்றிப் பாசி அப்படியே இருந்தது. மழைக்கு முன்னால் தேய்த்து விடுங்கள் என்று கோகிலா சொல்லியிருந்தாள். சரி என்று நானும் சொல்லியிருந்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைப்பத்தால் தேய்த்தேன். கை எரிகிறது.

தேய்த்து முடித்துக் கொஞ்ச நேரம் கீழே உட்கார்ந்தேன். அவள் விழுந்த இடம் அதுதான். அங்கிருந்து பார்த்தால் அடுப்படி ஜன்னல் வழியாகக் கூடத்தில் என் நாற்காலி நேராகத் தெரிகிறது. நாற்காலியில் ஆள் இருந்தால் முதுகு தெரியும்.

நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

சட்டைகளைத் துவைக்காமலே எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.  வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, அந்தியூர்

யாரும் அழைக்கவில்லை. கிளம்பிவிட்டேன். ஃபிரிட்ஜ் மேல் டைரி இருந்த இடத்தில் போனை வைத்துவிட்டு டைரியைப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஆற்றுக்குப் போகிற கூட்டம், முளைப்பாலிகை, கட்டுச்சோறு. எல்லோரும் எங்கேயோ அழைக்கப்பட்டவர்கள் மாதிரியே இருந்தார்கள்.

மாமனார் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில். அதில் குப்புறப் படுத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். இரும்புக் கேட்டின் சத்தம் கேட்டும் தலை நிமிரவில்லை. யாருங் என்றார். நானுங் மாமா, சம்பத்து என்றேன்.

“ஒரு நிமிஷம் மாப்ள. கடைசி வட்டம்.”

கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால்தானே உள்ளே கால் வைக்க முடியும்? அத்தை ஆற்றுக்குப் போயிருக்க வேண்டும், வீட்டில் வேறு சத்தமே இல்லை. மண்டையைப் பிளக்கிற வெயில். மாமனார் போனுக்குள் பெரியப்பா, இடப்பக்கம் வருகிறான் சம்பந்தி, இடப்பக்கம் என்று கத்துவது கோபி வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்போது வீட்டுக்குப் பின்னால் இருந்து கோகிலா குரல். “அப்பா, இங்க கொஞ்சம் வாங்களேன்.”

“ஒரு நிமிஷம் கண்ணு” என்றார்.

எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று நினைத்தேன். நினைத்த மறு நொடி, அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள். நான் கேட்டைத் தள்ளிக்கொண்டு, கட்டிலைத் தாண்டி, வீட்டைச் சுற்றி ஓடினேன்.

தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டுக் காலை நீட்டியிருந்தாள். விழவில்லை, உட்கார்ந்துவிட்டாள், எழ முடியவில்லை. ஊன்றுகோல் உருண்டு தூரத்தில் கிடந்தது. மறுபடி கூப்பிட வாயைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நான் பக்கத்தில் ஈரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று பஸ்ஸில் வரும்போது தயார் செய்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டுக் கையை நீட்டினேன்.

என் கையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“போன் எங்கீங்?”

“வூட்ல.”

“கை ஏன் இப்படி வெந்து கெடக்குது?”

“பாசியத் தேச்சேன்.”

அவள் தொட்டித் தண்ணீரை ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் விட்டாள். பிறகு, வாசலில் நின்று சொல்ல வேண்டியதை ஈரத் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

“வாங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை. அவள் கையை என் தோளில் போட்டுத் தூக்கப் போனேன். வலிக்குது, கொஞ்ச நேரம் இப்படியே இருங்க என்றாள். கட்டுப் பிரிக்கும்வரை கோபிக்கு வரமாட்டேன் என்றும் சொன்னாள். சரி என்றேன். அதுவரை நானும் இங்கேதான் என்றேன்.  என் தோளிலிருந்து கையை அவள் எடுக்கவில்லை.

முன்வாசலில் இருந்து மாமனாரின் அலறல் கேட்டது. “மாப்ள, அடிச்சுப்போட்டானுங்க. தவந்துட்டு இருக்கறன். ஓடியாந்து தூக்குங்க மாப்ள.”

பழக்கதோஷத்தில் எனக்குக் கால் துடித்தது. கோகிலா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஒரு நிமிஷம் அப்பா.”

நாங்கள் எழுந்திருக்கவில்லை.